தலைப்பிரசவம் பார்த்த மருத்துவமனை: லேபர் வார்டுக்கு முழு மார்க், டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஆளைக் காணோம்

மகளுக்கு இன்றோடு ஒன்பது வாரம். அவள் மடியில் தூங்கும்போது ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை, நான் சொல்லப்போகும் குறை வேறு வேறு இடங்களில் பெற்ற என் தோழிகளுக்கும் அப்படியே நடந்திருக்கிறது. என்னுடையது சுகப்பிரசவம், வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, பிறப்புறுப்புக்குக் கீழே தசை வரைக்கும் போன இரண்டாம் நிலைக் கிழிசல், தையல், 48 மணி நேரத்தில் வீடு.

லேபர் வார்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. பனிக்குடம் உடைந்து நடு ராத்திரியில் போய்ச் சேர்ந்தேன், கர்ப்பவாய் 3 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்று யாரோ சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு விடிய விடியக் கணக்குப் போட்டேன், காலையில் பார்த்துவிட்டு இன்னும் 4தான் என்றதும் அழுகை வந்துவிட்டது, உடம்பில் ஏதோ கோளாறு, கடைசியில் ஆபரேஷன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். டியூட்டியில் இருந்த வயதான சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "தலைப்பிரசவம்மா, மெதுவாத்தான் போகும். அஞ்சு வரைக்கும் எல்லாம் ஆரம்பம்தான். நீ கணக்குப் பார்க்காதே, எழுந்து நட" என்றார். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இதேதான் இருக்கிறது: 5 சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவத்தின் தீவிரக் கட்டம், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் வைத்து அவசரப்படுத்தக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தைக் கர்ப்ப காலச் செக்கப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

கணவரை உள்ளே இருக்க விட்டார்கள். படுத்தே கிட என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மண்டியிட்டேன், பக்கவாட்டில் படுத்துத்தான் பெற்றேன். பிறந்ததும் துடைத்து நேராக என் நெஞ்சில் போட்டார்கள், தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ரத்தப்போக்கு அதிகமாகாமல் இருக்கத் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி, அப்புறம் நஞ்சுக்கொடி, தையல். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் வாய்விட்டுச் சொன்னார்கள். வலியில் பாதி மறந்துபோச்சு, ஆனால் அந்தக் குரல் நினைவிருக்கிறது.

இதெல்லாம் முடிந்து வார்டுக்கு மாற்றினார்கள், அங்கேதான் என் மனக்குறை ஆரம்பிக்கிறது.

வார்டில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது வந்தார்கள். குழந்தையின் எடை, சிறுநீர் போனதா, மஞ்சள் தட்டியிருக்கிறதா, எல்லாம் பார்த்தார்கள், சந்தோஷம். என் பக்கம் திரும்பி பிபி எடுப்பார்கள், ரத்தப்போக்குக்கு வைத்த பேடைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிற்றைப் பிசைவது மாதிரி ஒரு வலி வந்தது, உள்ளே ஏதோ தங்கிவிட்டதோ என்று பயந்து ஒரு பகல் முழுக்க யாரிடமும் கேட்காமல் கிடந்தேன். பால் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையைச் சுருக்குகிறது, அது நல்ல வலி, சில நாளில் போய்விடும். சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா?

ஒரு இளம் சிஸ்டர் மட்டும் தானாக வந்து ஒரு காரியம் செய்தார். முதல் முறை பாத்ரூம் போகப் பயந்து நான் அடக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, அழுத்தினால் நீர் பீய்ச்சும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, கதவு வரை கூட வந்தார். "போகும்போதே முன்னாலிருந்து பின்னால ஊத்திக்கோங்க அக்கா, எரிச்சல் தெரியாது. தேய்க்காம ஒத்தி எடுங்க." ஊற்றினேன், எரியவில்லை. பச்சை உடம்போடு அந்தக் குளிர்ந்த பாத்ரூமில் உட்கார்ந்து நிம்மதியில் அழுதேன். மலம் போகும்போது சுத்தமான பேடை மடித்துத் தையல் மேல் லேசாகத் தாங்கிப் பிடிக்கலாம் என்பதும், மலம் இளகச் சிரப் கேட்டு வாங்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அந்த பாட்டில் தைத்த ஒவ்வொரு பெண்ணின் கட்டிலருகிலும் கேட்காமலே இருக்க வேண்டிய பொருள்.

டிஸ்சார்ஜ் காகிதம் இரண்டு பக்கம். குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி, எடை, எப்போது தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும், எல்லாம் இருந்தது. எனக்கு ஒரே வரி: இரும்புச் சத்து மாத்திரை, ஆறு வாரம் கழித்து வரவும். ஒரு மணி நேரத்தில் பேடு முழுக்க நனைந்தாலோ, பெரிய ரத்தக் கட்டி வந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் வர வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அசதி என்று நினைத்துப் படுத்திருப்பேன், அதுதான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாம் நாள் ராத்திரி மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது. குழந்தை வாய் வைக்கும், வழுக்கும், வீறிடும், ஏற்கெனவே வெடித்திருந்த காம்பில் மறுபடி ரத்தம். காரணமே இல்லாமல் அழுகை வேறு. காலையில் போன் செய்தபோது இணைப்பை மூன்று முறை மாற்றி, கடைசியில் பாலூட்டும் ஆலோசனை தரும் சிஸ்டரிடம் கொடுத்தார்கள். இப்படி ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்!

அவரிடம் உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த இடத்துக்குக் கூடுதலாக ஒரு ஸ்டார். முதலில் குழந்தையைத் தொடவே இல்லை. காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தில் என் விரல் நுனிகளை வைத்து, உள்நோக்கி அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கச் சொன்னார். கல்லாக இருந்த இடம் இளகியது. அப்புறம் குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக வருகிற மாதிரி பிடித்துக் காத்திருந்தோம். "அவசரப்படாதேம்மா, கொட்டாவி விடுற மாதிரி வாய் திறக்கட்டும்." திறந்தாள், மோவாய் முதலில் பட, ஒரே அணைப்பில் சேர்த்தார். வலிக்கவில்லை. இரண்டு மூன்று முறை சப்பிவிட்டு 'க்' என்று விழுங்கும் சத்தம். அந்தச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், கன்னம் குழிகிறதா என்று பாருங்கள், குழிந்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள் என்றார். இவ்வளவுதான் விஷயம், ஆனால் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆறாவது வாரச் செக்கப் நன்றாகவே இருந்தது. தையலைப் பார்த்தார்கள். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று சொல்ல எனக்குக் கூச்சம், டாக்டரே கேட்டுவிட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார், இடுப்புத் தளத் தசைப் பயிற்சியால் இப்போது பரவாயில்லை. மனநிலையைப் பற்றிய எடின்பரோ கேள்வித்தாளும் கொடுத்தார்கள், 1987இலிருந்து புழக்கத்தில் இருக்கிறதாம், பத்தே கேள்வி. நிரப்பும்போது தொண்டை அடைத்தது. என் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாகவே குறைந்துவிட்டது. குறையாமல் போகிற பெண்ணை ஆறு வாரம் வரை யாரும் கேட்காமல் விடுவது சரியா? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரைப்படி தாயைக் குறைந்தது நாலு முறை பார்க்க வேண்டும்: முதல் 24 மணி நேரத்துக்குள், 48லிருந்து 72 மணி நேரத்துக்குள், ஏழு முதல் பதினாலு நாளுக்குள், ஆறாவது வாரத்தில். எனக்கு முதலும் கடைசியும் கிடைத்தன. நடுவில் இருப்பதுதான் ஆள் ரொம்பத் தவிக்கும் நேரம்.

இங்கே மட்டும் இல்லை, எங்கே பதிவு செய்யப் போனாலும் லேபர் வார்டைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு என்னை யார், எந்த நாளில் பார்ப்பார்கள் என்று கேளுங்கள், பாலூட்டும் ஆலோசகரின் நேரடி எண்ணைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

லேபர் வார்டுக்கு ஐந்து. பாலூட்டும் ஆலோசனைக்கு ஐந்து. டிஸ்சார்ஜிலிருந்து ஆறாவது வாரம் வரைக்கும் ஒன்றுதான் தர முடியும். போன வாரம் எழுதியும் கொடுத்திருக்கிறேன்: டிஸ்சார்ஜ் காகிதத்தில் தாய்க்கென்று ஒரு பக்கம், மூன்றாம் நாள் அவர்களாகவே ஒரு போன். பார்க்கிறோம் என்றார்கள். பதில் வந்தால் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.