புள்ளி வைத்துப் பார்ப்பதா, மாற்றி எழுதுவதா?

திருவையாற்றுப் பக்கம் ஒருவரிடம் 5 ஏக்கர். வாழை ‘வா’ ஏக்கர், நெல் ‘நெ’ ஏக்கர் என்றால் வா + நெ ≤ 5. இந்த அசமன்பாட்டை (≤, ≥ குறியுள்ள தொடர்பை) வரைபடத்தில் காட்டும்போது, கோட்டின் எந்தப் பக்கம் நிழலிடுவது? இதற்கு இரண்டு வழி: ஒரு புள்ளியைப் போட்டுப் பார்ப்பது, அல்லது ‘நெ’வைத் தனியே நிறுத்தி மாற்றி எழுதுவது. வா + நெ = 5 என்ற கோட்டை வரைந்து, (வா, நெ) = (0, 0) என்ற ஆதிப்புள்ளியைப் போட்டால் 0 ≤ 5, சரி. ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தான்.

நெல், வாழையைப்போல் இரு மடங்காவது வேண்டுமாம்: 2வா − நெ ≤ 0. மாற்றி எழுதும்போதுதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். −நெ ≤ −2வா என்பதை −1ஆல் பெருக்கினால் குறி திரும்பி நெ ≥ 2வா ஆக வேண்டும். மறந்தால் வாழை நெல்லை விழுங்கிவிடும். புள்ளி முறையில் இந்த ஆபத்தே இல்லை. ஆனால் இந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறது. கோட்டின் மேலேயே இருக்கும் புள்ளி பக்கத்தைக் காட்டாது. அதனால் (1, 0) எடுங்கள்: 2 ≤ 0 தவறு, ஆகவே எதிர்ப்பக்கம்.

முதலில் புள்ளி முறையையே சொல்லிக்கொடுங்கள். சாய்வு பார்க்க மட்டும் மாற்றி எழுதலாம். இரண்டு முறையிலும் ≤ என்றால் முழுக்கோடு, < என்றால் விட்டுவிட்டு வரையும் கோடு.