நேர்க் குறுக்கெழுத்தா, ஆங்கிலக் கிரிப்டிக்கா, தமிழ்க் கிரிப்டிக்கா?

கீழக்கரையில் நான் தினமும் டீ குடிக்கிற கடையில், அசர் தொழுகை முடிந்ததும் ஒரு காக்கா (எங்கள் ஊர் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்) வந்து உட்காருவார். இருபது வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். கையில் இங்கிலீஷ் பேப்பர் நாலாக மடித்திருக்கும், குறுக்கெழுத்துப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி. நான் வார இதழ்க் கட்டங்களில் வளர்ந்தவன். அப்புறம் தமிழிலேயே கிரிப்டிக், அதாவது குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்து வைக்கும் குறுக்கெழுத்து, போடுகிறவர்கள் இருப்பது தெரிந்து அதில் விழுந்தேன். எது உசத்தி என்று எங்களுக்குள் நெடுநாளாக வழக்கு. இங்கே என் தரப்பை எழுதுகிறேன், அவர் சொல்வதில் நியாயமானதை விடாமல்.

நேர்க் குறுக்கெழுத்தை முதலில் முடித்துவிடலாம். "ராமனின் தம்பி (4)" என்றால் நாலு எழுத்தில் பரதன். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் குறுக்கே வரும் எழுத்துக்காகக் காத்திருக்கலாம். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நம் வார இதழ்கள் திசையை மாற்றிப் போடுவது எழுதும் கைக்கு வேலை, யோசிக்கும் மூளைக்கு இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்வளம் சேர இதைவிட நல்ல வழி கிடையாது. என் எழுத்துப் பிழைகள் பாதி போனது இதனால்தான். ஆனால் விடை வந்த பிறகு "அட!" என்று ஒரு சத்தம் நெஞ்சுக்குள் கேட்க வேண்டுமே, அது இதில் வராது.

அந்த "அட!" வருவது கிரிப்டிக்கில். அதன் அடிப்படை ஒன்றுதான். குறிப்பு பார்வைக்கு ஒரே வாக்கியம், உள்ளே இரண்டு துண்டு. ஒரு துண்டு விடையின் பொருளைச் சொல்லும். மற்றது விடையின் எழுத்துகளை எப்படிச் செய்வது என்று சொல்லும். பொருள் சொல்லும் துண்டு எப்போதும் வாக்கியத்தின் ஒரு முனையில்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இணைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். எங்கள் பழைய பாம்பன் பாலம் புழக்கத்தில் இருந்த காலத்தில், தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே கோடாகத் தெரியும். கப்பல் வரும்போதுதான் அது இரண்டாகப் பிளந்து தூக்கும் இடம் புலப்படும். அந்தப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1914 பிப்ரவரி 24. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1913 டிசம்பர் 21 அன்று, நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்து வெளியானது. அது நேர்க் குறிப்புதான். சொல்லை ஒளித்து ஏமாற்றும் வகையை வளர்த்தவர்கள் அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் வந்த இங்கிலாந்துக்காரர்கள்.

காக்காவின் பெருமை இங்கேதான் ஆரம்பிக்கும். தி இந்துவில் 1971 முதல் குறுக்கெழுத்து போட ஆரம்பித்தவர் அட்மிரல் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். "கப்பல்காரன் ஆட்டம் தம்பி இது" என்பார் காக்கா. அவருக்கு அது பலிக்கவும் செய்கிறது. குறிப்பில் "மாலுமி" என்று வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் டார், ஜாக், ஏபி மூன்றில் ஒன்றாக இருக்கும். ஏபி என்றால் ஏபிள் சீமேன். காக்காவின் கப்பல் சான்றிதழில் அச்சடித்திருக்கும் பதவி அது. "மெயின்" என்றால் கடல் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு அதை மனப்பாடம் பண்ண ஒரு மாதம் ஆனது. லெக், ஆன் இரண்டும் ஒரே பக்கம் என்கிற கிரிக்கெட் கணக்கு, ஃப்ளவர் என்று எழுதிவிட்டு "ஃப்ளோ ஆவது", அதாவது ஆறு, என்று அர்த்தம் கொள்ளும் குறும்பு, இப்படி ஒரு பெரிய சரக்கறை இருக்கிறது. அதைக் கற்றுத் தேறினால் தினமும் சாப்பாடு. ஆங்கிலத்தின் பெரிய பலமே அதுதான், தினமும் புதிது வரும், தட்டுப்பாடே இல்லை. அறுபது வயதில் அறிவைத் தீட்டிக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்தைக் கலைப்பது கண்ணுக்கான விளையாட்டு. சைலன்ட், லிசன் இரண்டுக்கும் அதே ஆறு எழுத்து. காதால் கேட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே தெரியாது. தமிழில் கலைத்தால் ஒவ்வொரு எழுத்தும் தன் ஒலியைக் கையோடு எடுத்துக்கொண்டே இடம் மாறும். இதைப் பாருங்கள்:

மண் படம் கலைந்தால் பாலத்துக்கு முந்தைய ஊர் (5)

ம, ண், ப, ட, ம். வாயால் உருட்டிக்கொண்டே இருந்தால் மண்டபம் தானாக வந்து விழும். காகிதமே வேண்டாம், வண்டி ஓட்டிக்கொண்டே போடலாம். எதிர் வாதமும் உண்டு. தமிழில் ஒரு சொல்லுக்கு ஐந்தாறு எழுத்துதான், கலைத்தாலும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்தைக் கலைத்துப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாம். கலைப்பதில் மட்டும் ஆங்கிலம்தான் ஆழம், ஒப்புக்கொள்கிறேன்.

ஒளித்து வைப்பதில் கதையே வேறு. ஆங்கிலத்தில் அடுத்தடுத்த இரண்டு சொற்களின் வாலையும் தலையையும் சேர்த்தால் ஒரு சொல் சுலபமாக ஒளிந்துகொள்ளும். தமிழில் வேர்க்கடலைக்குள் கடல் இல்லை! க, ட வரை வந்துவிட்டு லையில் முட்டிக்கொள்ளும். ல் வேறு, லை வேறு. புதிதாகக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் தடுக்கி விழுவது இந்தக் கல்லில்தான். ஆனால் நமக்குச் சந்தி இருக்கிறது:

பாசங்குறையாதவர் உள்ளே ஊதுவது (3)

பாசம், குறையாதவர் என்று பிரித்து எழுதினால் அதில் ஒன்றுமில்லை. பழைய முறையில் சேர்த்து எழுதும்போது ம் மறைந்து ங் வருகிறது, கு பக்கத்திலேயே நிற்கிறது. பா-சங்கு-றையாதவர். சங்கு. இந்தக் குறிப்பைச் செய்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்த புணர்ச்சி விதி, ஒரு பொருளை ஒளித்து வைக்கும் பெட்டியாக மாறிவிட்டதே!

அதே சந்தி வேறு இடத்தில் தொல்லையும் தரும். "கருவும் ஊரும் சேர்ந்தால் பனை தரும் இனிப்பு (6)" என்பதற்கு விடை கருப்பட்டி. கரு, பட்டி இரண்டையும் கூட்டினால் ஐந்து எழுத்துதான் வரும். ஆறாவதான ப் சேர்க்கையில் தானாகப் பிறக்கிறது. இதை நியாயம் என்பவர்களும் உண்டு, குறிப்பில் சொல்லாத எழுத்து வரக்கூடாது என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. தமிழ் தெரிந்த வாய் அந்த ப்-ஐ விட்டுவிட்டுச் சொல்லவே சொல்லாது. ஆங்கிலத்தில் இந்தச் சண்டைகளை அலசி ஒழுங்குபடுத்திய பெரியவர்கள் இருக்கிறார்கள். சிமெனிஸ் என்ற பெயரில் புதிர் போட்டவர் 1966-லேயே விதிகளைப் புத்தகமாக எழுதிவிட்டார். தமிழில் ஒவ்வொருவரும் தன் பழக்கத்துக்குப் போடுகிறார்கள். புதிதாக வருபவர் குழம்பிப் போவது நிஜம்.

திருப்பிப் போடும் வகையில் தமிழுக்குக் கை கட்டியிருக்கிறது. "சிவா திரும்பினால் படி (2)", விடை வாசி. இது வேலை செய்கிறது. ஆனால் கடல், மீன், படகோட்டம் எதையும் திருப்ப முடியாது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காதே.

எண்களில் நாம் முந்துகிறோம். ஆங்கிலத்தில் ஒன்று என்றால் ஐ, ஐந்து என்றால் வி, பத்து என்றால் எக்ஸ் என்று ரோமானிய எண்ணைச் செருகுவார்கள். நம்மிடம் க, உ, ரு, அ, ய இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, பத்து.

முகத்து ஒன்றை எடுத்தால் சிப்பி ஈன்றது (3)

ஒன்று என்றால் க. முகத்து என்பதில் க போனால் முத்து. யாரையாவது "எட்டேகால் லட்சணம்" என்று திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். எட்டு அ, கால் வ, சேர்ந்தால் அவலட்சணம். குறுக்கெழுத்துக் கட்டம் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நாம் கிரிப்டிக்கில் திட்டிக்கொண்டிருந்தோம். தண்டியலங்காரத்தில் சித்திரகவி வகைகளை எடுத்துப் பாருங்கள். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினால் எழுத்து வருத்தனம், குறைத்தால் அக்கரச்சுதகம், ஒளித்து வைத்தால் கரந்துறைச் செய்யுள், திருப்பிப் படித்தாலும் அதுவே வந்தால் மாலைமாற்று. கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் கோத்து ஒரு சொல் செய்தால் வினாவுத்தரம். என் முத்துக் குறிப்பு அக்கரச்சுதகம், சங்கு கரந்துறை. இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பெயரை மனப்பாடம் செய்த எனக்கு, சொந்த வீட்டுப் பரணில் இதே கருவிகள் இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. காக்காவிடம் நான் அடித்துச் சொல்லும் வாதம் இதுதான். ஆங்கிலக் கிரிப்டிக்கில் நாம் விருந்தாளி, அதிலும் நல்ல விருந்தாளியாக இருக்கலாம். தமிழில் வீட்டுக்காரர்.

இன்னொரு சிறு அனுகூலம். நம் எழுத்து 247. ஆங்கிலத்தில் குறுக்கே ஓர் எழுத்து கிடைத்தால் 26-ல் ஒன்று கிடைத்த மாதிரி. நமக்கு "ண்" என்று ஒன்று விழுந்துவிட்டால் பாதிச் சொல் தெரிந்துவிடும். போடுகிறவருக்கு இதே காரணத்தால் கட்டம் நிரப்புவது நரகம். தமிழ்க் கிரிப்டிக் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கட்டம் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சிலேடையில் இரண்டு மொழியும் சமம். ஆனால் இடம் தெரிந்தவருக்குத் தமிழ் கொடுக்கும் சந்தோஷம் தனி. ஒருநாள் டீக்கடையில் நான் எழுதிய குறிப்பைச் சத்தமாகப் படித்தேன்: "மேகம், கிழக்கே பிறந்த காற்று (4)". காக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். வெளியே சைக்கிளில் ஐஸ் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த மீன்காரர் தலையைத் தூக்காமல், "கொண்டல்" என்றார். அவருக்கு அது புதிரே இல்லை. கச்சான், வாடை, சோழகம், கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொல்லித்தான் அவர் நாள் தொடங்கும். அவர் பள்ளிக்கூடம் போனது நாலு வருடம்தான். ஆங்கிலக் கிரிப்டிக் அவரை ஒருநாளும் உள்ளே விட்டிருக்காது.

ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை: ஆறு மாதம் தமிழில் போடுங்கள். எழுத்தை உடைப்பது, கூட்டுவது, ஒளிப்பது எல்லாம் தாய்மொழியில் கைக்கு வந்தபிறகு ஆங்கிலத்துக்குப் போனால், அங்கே கற்க மிச்சம் இருப்பது அவர்களின் சரக்கறை மட்டும்தான். நான் தலைகீழாகப் போய் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். கப்பலிலோ அலுவலகத்திலோ ஆங்கிலத்தில் புழங்கி வந்தவருக்கு இது பொருந்தாது. காக்கா மாதிரி நேரே ஆங்கிலத்தில் இறங்கலாம்.

போன மாதம் அவரே தமிழில் முதல் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். பேப்பர் ஓரத்தில் பேனாவால் இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருந்தது: "குண்டும் ரொட்டியும் சேர்ந்தால் ரயில் கடல் தாண்டும் ஊர் (4)". பாம், பன். பாம்பன். நான் சிரித்து முடித்து, "காக்கா, ரெண்டும் இங்கிலீஷ். குறிப்பிலேயே அதைச் சொல்லியாகணும்" என்றேன்.

"பாம் வேணா இங்கிலீஷ்னு சொல்லு, ஒத்துக்கிறேன்" என்றவர், கண்ணாடி ஜாடியைக் காட்டினார். "பன்னு எந்த டீக்கடையில தம்பி இங்கிலீஷா இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னதில் தப்பில்லை. பன்னை அப்படியே விட்டுவிட்டு, "அந்நியக் குண்டு" என்று மட்டும் மாற்றிக்கொண்டோம்.