கதிர் மட்டுமா, நோயெதிர்ப்பு மருந்தும் சேர்த்தா?

"சோறு இறங்குதில்லை, கஞ்சிதான்" என்று ஒருவர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும்போது, உணவுக்குழாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

கதிர்ச் சிகிச்சை மட்டும் கொடுத்தால் கட்டி சுருங்கி விழுங்குவது இலகுவாகலாம். ஆனால் ஈரலுக்குப் பரவியதை அது தொடாது.

பெம்புரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்தோ ரி-கலங்கள் எனும் நோயெதிர்ப்புக் கலங்களின் தடையை நீக்கி, உடல் முழுவதும் நோயைத் தேடவிடும். கதிரில் உடையும் கட்டி அந்தக் கலங்களுக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் கேட்காது. 2021இல் வெளியான ஆய்வில் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம்) 9.8 மாதத்திலிருந்து 12.4 ஆனது, அதுவும் இந்த மருந்தைக் கீமோவோடு சேர்த்தபோது, கதிரோடு அல்ல. நுரையீரல் அழற்சியும் வரலாம்: இருமல், இளைப்பு என்றால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

மெலிந்து, தண்ணீரும் இறங்காத ஒருவருக்கு முதலில் கதிர் என்பேன். தெம்பு இருந்தால், நோயெதிர்ப்பு மருந்து கேட்குமா என்று ஊகிக்க உதவும் பிடி-எல்1 சோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.