மஞ்சள் பையா, மயானமா? கலைந்த கருவைக் கையாள மூன்று சட்ட வழிகள்

பெலகாவி மாவட்டம் மூடலகியில் 2022 ஜூனில் வாய்க்காலோரம் பாட்டில்களில் ஏழு சிசுக்கள் கிடந்தன. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் 'இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவாருங்கள்' என்ற குரல் எழுவது இயல்புதான். இப்படி வீசுவது ஏற்கெனவே குற்றம். புதுச் சட்டம் வந்தால் மட்டும் வாய்க்கால் சுத்தமாகிவிடாது. ஆனாலும் சட்டம் எழுதுவதென்றால் கண்முன் மூன்று வழிகள் இருக்கின்றன: கழிவாக எரிக்கும் இந்திய வழி, புதைக்கவோ தகனம் செய்யவோ கட்டாயப்படுத்தும் அமெரிக்க மாநிலமான இண்டியானாவின் வழி, பெண்ணிடம் கேட்டுச் செய்யும் இங்கிலாந்து வழி. பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் எது எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

நம்மூரில் இப்போது நடப்பது 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி. உயிர்பிழைக்கும் வயதை எட்டாத கரு, வெட்டியெடுத்த உறுப்புகளோடு சேர்த்து மஞ்சள் வகையில் வருகிறது. குளோரின் கலக்காத மஞ்சள் பிளாஸ்டிக் பை, அதன்மேல் பார்கோடு. 48 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொதுக் கழிவு மையம் இருந்தால் மருத்துவமனை தானே எரிக்கக் கூடாது. வண்டி வந்து எடுத்துப்போகும். உலையின் முதல் அறையில் 800 டிகிரி, இரண்டாம் அறையில் 1050 டிகிரி செல்சியஸ். இரண்டு மீட்டர் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கும் ஆழ்புதைப்பு, கழிவு மையம் எட்டாத கிராமங்களுக்கு மட்டும். அதற்கும் முன் அனுமதி வேண்டும்.

வழக்கமாகத் தப்பு நடக்கும் இடம் ஒன்றுண்டு. உறிஞ்சி எடுத்ததை வடிகட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கருவைச் சுற்றியிருந்த பையும் விரல்போன்ற நஞ்சுத் திசுவும் முழுதாக வந்துவிட்டதா என்று பார்த்தபின், கிருமி போகட்டும் என்று அதன்மேல் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினியை ஊற்றிவிடுவார்கள். பார்க்கச் சுத்தமான வேலை. ஆனால் குளோரினோடு உலைக்குள் போனால் டயாக்சின் என்ற நச்சு உருவாகும். எரிக்கப்போகும் உடற்திசுவுக்கு ரசாயன முன்சுத்திகரிப்பே கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

இந்த வழியின் பெரிய பலம், பையில் பெண்ணின் பெயர் இருக்காது என்பது. கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவின்படி அவள் அடையாளத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. பார்கோடு கழிவைத்தான் பின்தொடர்கிறது, ஆளை அல்ல.

பலவீனமும் பெரியதுதான். பிரசவ அறையில் யாரும் அவளிடம் எதுவும் சொல்வதில்லை. அதோடு கர்ப்ப வாரங்களை எண்ணுவதில் ஒரு ஓட்டை. 'உயிர்பிழைக்கும் வயது' எது என்பதற்கு கழிவு விதி கருக்கலைப்புச் சட்டத்தைக் கைகாட்டுகிறது. அந்தச் சட்டத்திலோ அதற்கு வரையறையே கிடையாது. 24 வாரம் என்று எடுத்துக்கொண்டால், இறந்து பிறந்த குழந்தை என்று பதிவு செய்வது 28 வாரத்திலிருந்துதான். பெரிய குறைபாடு தெரிந்து, மருத்துவக் குழு அனுமதியோடு 26 வாரத்தில் கலைத்தால் அது மஞ்சள் பைக்கும் சேராது, பதிவேட்டுக்கும் சேராது. அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் பச்சைக் குழந்தையை எரிக்காமல் மண்ணில் வைக்கும் வழக்கப்படி கல்பள்ளி மயானத்துக்குப் போனால் கையில் காட்ட என்ன இருக்கும்? டாக்டர் எழுதித் தரும் கடிதம் மட்டும். எதுவும் இல்லாமல் ரகசியமாகப் புதைத்தால் பாரதிய நியாய சம்ஹிதை 94-ஆம் பிரிவு, பிறப்பை மறைத்த குற்றம் என்று யாராவது கிளப்பலாம்.

இண்டியானா வழி இதற்கு நேரெதிர். மைக் பென்ஸ் ஆளுநராக இருந்தபோது 2016-இல் கையெழுத்தான சட்டம் அது: கிளினிக்குகள் புதைக்க வேண்டும் அல்லது தகனம் செய்ய வேண்டும். பலவற்றைச் சேர்த்துத் தகனம் செய்யலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் அதை நிலைநிறுத்தியது. டெக்சாஸின் 2017 சட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் அப்போது கிடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு புதைக்கப் போதிய இடங்களே இல்லை என்பதும் ஒரு காரணமாக 2018-இல் கூட்டாட்சி நீதிபதி அதைத் தடுத்தார்.

இதை இங்கே கொண்டுவந்தால் முதலில் உடைவது ரகசியம். மயானப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் கேட்பார்கள். அடுத்து, அளவு. எட்டு வாரத்தில் கரு ஏறக்குறைய ஒரு கிராம், பன்னிரண்டில் பதினைந்து கிராம் வாக்கில். பெரியவர் உடலுக்குக் கட்டிய மின்மயான உலையில் அந்த அளவுக்குச் சாம்பல் மிஞ்சாது. அஸ்தி தருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கைவிரிப்பது கொடுமை; எடின்பரோவின் மார்ட்டன்ஹால் தகன மேடையில் அஸ்தி மிஞ்சாது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு, மிஞ்சியதை ரகசியமாகப் புதைத்தது விசாரணை வரை போனது. தவிர, மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற கருக்கலைப்பு மாத்திரையில் வீட்டுக் கழிவறையில் முடிந்துவிடுவதை எந்தக் கட்டாயச் சட்டத்தாலும் பிடிக்க முடியாது. ஆக, கட்டாயம் விழுவது மருத்துவமனைக்கு வரும் பெண்ணின் தலையில் மட்டும்.

இங்கிலாந்தில் சில மருத்துவமனைகள் கருவைக் குப்பையோடு எரித்தது 2014-இல் தொலைக்காட்சியில் அம்பலமானது. 2015-இல் மனிதத் திசு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 வாரத்துக்குக் குறைவான கருவுக்குப் புதைத்தல், தகனம், மற்றக் கழிவிலிருந்து பிரித்து எரித்தல் என்று மூன்று வாய்ப்பு. 'எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்' என்பதும் ஏற்கத்தக்க பதில். முடிவெடுக்க அதிகபட்சம் 12 வாரம் வரை அவகாசம். ஸ்காட்லாந்து எரிஉலையையே விலக்கிவிட்டது.

எங்கள் ஓட்டு இங்கிலாந்து வழிக்குத்தான், சில வெட்டு ஒட்டுகளோடு. 12 வாரம் இங்கே ஆகாது. சிறு நர்சிங் ஹோமில் குளிர்பெட்டிக்கு எங்கே போவது? கேட்டவர்களுக்கு மட்டும் ஏழு நாள், கேட்காதவர்களுக்கு இப்போதைய 48 மணி நேரமே. ஒப்புதல் படிவத்திலேயே ஒரு கேள்வி. கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும், உருதுவிலும். மயானத்துக்குப் பெயருக்குப் பதில் மருத்துவமனை வரிசை எண்ணும் வாரக்கணக்கும் உள்ள சீட்டு. 24-க்கும் 28-க்கும் நடுவே அந்தச் சீட்டே போதும் என்று விதியில் எழுத வேண்டும். பதினெட்டு நிரம்பாத பெண் என்றால் அது போக்சோ (சிறார் பாலியல் குற்றச் சட்டம்) வழக்கு; எனவே இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தடய அறிவியல் மாதிரி: சாதாரண சலைனில், ஐஸ் வைத்து. ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து வழக்கே படுத்துவிடும்.