எலியா, செல்லா? பாகாயம் டீக்கடையில் ஒரு போஸ்ட்டாக் கணக்கு

பிஎச்டி வைவா முடித்த கையோடு, அடுத்து போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) தேடி, வேலூர் பாகாயம் டீக்கடைக்கு வந்த தம்பி கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, அமெரிக்காவில் எலி மாடல் லேபுக்குப் போகவா, இங்கேயே ஸ்டெம் செல் பக்கம் இருந்துவிடவா?" எல்லோரும் இதைச் சம்பளக் கணக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு இது காலண்டர் கணக்கு.

சம்பளத்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் 2024இல் போஸ்ட்டாக்குக்கு வைத்த தொடக்க ஸ்டைபெண்ட் ஆண்டுக்கு 61,008 டாலர். இங்கே ரிசர்ச் அசோசியேட் முதல் நிலைக்கு 2023 முதல் மாதம் 58,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்ப்பதென்றால் பாஸ்டனில் வாடகை கொடுத்துவிட்டுப் பெருக்குங்கள்.

இப்போது எலி. சினை மூன்று வாரம், பிறந்த குட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராக இன்னும் ஆறேழு வாரம், ஆக ஒரு தலைமுறைக்குப் பத்து வாரம் என்று வையுங்கள். புதிய மரபணு மாற்றத்தை ஒரே தூய எலி வம்சத்துக்குள் கொண்டுவர, பழைய முறையில் திரும்பத் திரும்பக் கலந்து பத்துத் தலைமுறை, அதாவது நூறு வாரம். நம் ஊர் அரசு போஸ்ட்டாக் உதவித்தொகையான என்பிடிஎஃப் மொத்தமே இரண்டு வருடம். நான் முதலில் சேர்ந்த லேபில் (பெயர் வேண்டாம்) கூண்டுகளில் தொற்று புகுந்து எல்லா எலியையும் அழிக்க வேண்டியதாகி எட்டு மாதம் போனது, கையில் ஒரு கிராஃப் கூட இல்லை.

அதற்காக எலியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைப் பாருங்கள். தொழுநோய்க் கிருமி செயற்கை ஊடகத்தில் வளராது. 1960இல் அமெரிக்க விஞ்ஞானி ஷெப்பர்ட் எலியின் பாதத்தில் வளர்த்துக் காட்டிய பிறகுதான் மருந்தைச் சோதிக்க வழி பிறந்தது. அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிற கிருமி, முடிவு தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

செல் பக்கம் வேலூருக்கு ஒரு வசதி உண்டு. காட்பாடியில் வந்து நிற்கும் ரயில்களைப் பார்த்தாலே தெரியும், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள், தலசீமியா, ஹீமோஃபீலியா என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களும் அவர்களில் உண்டு. சம்மதம் பெற்று எடுத்த ரத்தத்திலிருந்து ஐபிஎஸ் செல் (போலீஸ் இல்லை, எந்த வகைச் செல்லாகவும் மாற்றக்கூடிய ஸ்டெம் செல்) உருவாக்கி, கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் நோய்க்குக் காரணமான அந்த ஒரு பிழையை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்; அதே நோயாளியின் மரபணுவோடு இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோல் எலியில் கிடைக்காது. சிஎம்சியின் ஸ்டெம் செல் மையம் பங்கெடுத்த ஹீமோஃபீலியா ஏ ஜீன் தெரபி (மரபணு சிகிச்சை) சோதனை, ஐந்து நோயாளிகள், 2024 டிசம்பரில் வெளியானது. ஆய்வக பெஞ்சிலிருந்து நோயாளியின் படுக்கைவரை இத்தனை கிட்டத்தில் பார்க்க வேறெங்கே போவது?

குறையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறும் தீபாவளியும் பாராமல் செல் வளரும் மீடியத்தை மாற்ற வேண்டும், ஆய்வு ரசாயனங்களான ரீஏஜென்ட் இறக்குமதிக்குத் தவம் கிடக்க வேண்டும். தட்டில் இருக்கிற செல்லுக்கு ரத்த ஓட்டம் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலம் இல்லை, வயதான ஆளின் செல்லிலிருந்து வந்தாலும் நடத்தை கருக்குழந்தைச் செல் மாதிரி. பார்க்கின்சன் போல வயதோடு வருகிற நோய்க்கு அது உதைக்கும். மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதை அமெரிக்கச் சட்டம் 2022 டிசம்பரிலேயே தளர்த்திவிட்டது, ஆனாலும் ரிவ்யூவர்கள் "எலியில் காட்டினீர்களா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை.

ஜெப்ராமீன்? வேகம், மலிவு, கண்ணாடி போல உள்ளே தெரியும் கரு. வளர்ச்சிக் கோளாறுகளுக்கு அருமை. தம்பி ஆராய நினைக்கிற ரத்த நோய்க்கு அது துணை மாடல்தான்.

ஆகவே அவன் இங்கேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவிலிருந்து பதில் வந்தால் மட்டும் ஒன்று கேட்கச் சொன்னேன்: நீங்கள் சொல்கிற எலி இப்போது கூண்டில் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறதா, இல்லை கிராண்ட் விண்ணப்பத்தில்தான் இருக்கிறதா?