துபாய், அபுதாபி வேகக் கேமராக்கள்: ஓர் ஓட்டுநரின் மதிப்பீடு
வேகக் கேமரா ஓட்டுநருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதில் ஐக்கிய அரபு அமீரகத்தின் இரு பெரிய எமிரேட்டுகளும் வேறு வேறு வழியில் செல்கின்றன. துபாயில் பலகையில் உள்ள வேகத்துக்கு மேல் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை கேமரா பொறுத்துக்கொள்வதால், 100 என்று எழுதியிருக்கும் சாலையில் 115, 120 என்று ஓட்டுவதே பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அபுதாபியோ 2018 ஆகஸ்டில் இந்தச் சலுகையை அடியோடு நீக்கியதோடு, அதற்கு ஈடாகப் பல சாலைகளில் வேக வரம்பையே உயர்த்தியது.

அபுதாபியின் முறையே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து. பலகையும் கேமராவும் ஒரே எண்ணைச் சொல்லும்போது, நேற்று உரிமம் வாங்கியவரும் பத்தாண்டு ஓட்டியவரும் ஒரே விதிக்குக் கட்டுப்படுகிறார்கள்; துபாயிலோ விவரம் அறியாதவர் 100-லேயே செல்ல, பின்னால் வருபவர் விளக்கை அடித்து நெருக்குகிறார், அதுதான் உண்மையான ஆபத்து.

சலுகை இல்லையே என்று அஞ்சவும் வேண்டாம். காரின் வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதி என்பதால், பெரும்பாலான கார்களில் முள் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆனால் துபாயிலிருந்து இ11 நெடுஞ்சாலையில் வருபவர்கள், எமிரேட் எல்லையைத் தாண்டியதும் க்ரூஸ் கண்ட்ரோலை (வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) பலகையின் எண்ணுக்கே மாற்றிவிட வேண்டும். 20 கிலோமீட்டருக்குள் மீறினாலும் அபராதம் 300 திர்ஹாம்.