டிரெட்மில் வாங்கி நான்கு ஆண்டுகள்

2021இல் இரத்தத்தின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 7.1 சதவீதம் என்று வந்ததும் டிரெட்மில் வாங்கினேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இன்றும் ஓடுகிறது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, பெல்ட்தான் தொல்லை. வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள வலது போல்ட்டைக் கால் சுற்று முடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட்டைத் தூக்கி அடியில் சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். விட மறந்த மாதம் ரப்பர் கருகும் வாடை வந்தது. 2023இல் மின்வெட்டு மிகுந்திருந்தபோது பலமுறை பாதியிலேயே நின்றது. இருட்டில் கைப்பிடியைத் தடவித்தான் இறங்குவேன்.

இரண்டாம் மாதமே ஏறுவதை நிறுத்திப் போர்வை போர்த்திவிட்டேன். மன உறுதி இல்லையே என்று நொந்துகொண்டேன். மனிதப் பரிணாமம் பற்றிப் படித்த பிறகே தெளிந்தது. பல லட்சம் ஆண்டுகள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைத்த இனம் நாம். உணவு அரிதாக இருந்த காலத்தில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து சக்தியைச் சேமிப்பதுதான் பிழைக்கும் வழி. காரணமில்லாமல் ஓடச் சொன்னால் உடம்பு முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஆயா (பாட்டி) மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் விடியுமுன்பே மண்வெட்டியோடு நின்றவர். மாலையில் வாசற்படியில் சாய்ந்தால் எழமாட்டார். அவரை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

ஆகவே உடம்புக்கு ஒரு காரணம் கொடுத்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்காவோடு தினமும் போனில் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சை டிரெட்மில்லுக்கு மாற்றிக்கொண்டேன். “தம்பி, ஏறிவிட்டாயா?” என்றுதான் தொடங்குவாள். ஊர்க்கதை, கோயில் கதை, மருமகள் கதை என்று 35 நிமிடம் போவதே தெரியாது.

எடை குறைக்க வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: எனக்குக் குறைந்தது 3 கிலோதான். தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹாட்சா மக்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. நம்மைவிட எவ்வளவோ அதிகம் நடக்கும் அவர்கள் ஒரு நாளில் செலவிடும் சக்தி, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், மேலை நாட்டவர் செலவிடுவதைவிட அதிகமில்லை. உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். எனவே எடைக்கருவியைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்தப் பலன் எடையில் தெரியாது. மாத்திரையோடு சேர்ந்து என் சர்க்கரை அளவு இப்போது 6.2.

பேச்சுத்துணை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். தனியாக ஏறப் போகிறீர்கள் என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொண்டு கடற்கரையில் யாரோடாவது நடப்பது மேல். போன மாதம் அக்காவும் பழைய டிரெட்மில் ஒன்று வாங்கிவிட்டாள். அவள் பேச்சுக்கு நடுவே இப்போது அந்த பெல்ட்டின் சத்தமும் கேட்கிறது.